நிறைந்த வயிறு

"நேத்து ராத்திரி குஞ்சுங்க ஒரு சத்தமும் போடலைங்க" என்றாள் யசோதினி, கணவன் நிரஞ்சனிடம் தேத்தண்ணியை நீட்டியபடி.

பன்வில தேயிலைத் தோட்ட லயத்து வரிசை வீடுகளில் அவர்கள் வீட்டுக் கூரைக்கடியில் ஆந்தை மூன்று குஞ்சு பொரித்திருந்தது. குஞ்சுகள் வளர வளரப் பசியும் வளர்ந்தது. தாயும் தகப்பனும் மாறி மாறிப் பறந்தும் இரை போதவில்லை. இரவெல்லாம் கதறல். பக்கத்து வீட்டார் "அபசகுனம், கலைச்சு விடுங்க" என்றபோது நிரஞ்சன்தான் தடுத்தான். "பச்சப்புள்ளைங்க இருக்கிற கூட்டையா கலைக்கச் சொல்றீங்க?"

இப்போது அவன் சிரித்தான். "வயிறு நிறைஞ்சிருக்கும். நல்லாத் தூங்கட்டும்."

"ஆமாங்க. நேத்துப் பொழுது சாயயில அதுங்களுக்கு நல்ல வேட்டை. நம்ம போஞ்சிப் பாத்தியில இருந்து ஒவ்வொரு எலியாத் தூக்கிட்டுப் போச்சுங்க. எலி ஓடவே இல்லைங்க. குடிச்சவன் மாதிரி தள்ளாடிக்கிட்டு நின்னுச்சு."

நிரஞ்சனின் கை கோப்பையோடு நின்றுவிட்டது. போஞ்சிக் காயை எலி கடிக்கிறதென்று அந்தப் பாத்தியில் எலி மருந்து வைத்தவன் அவன்தான்.

ஏணியை எடுத்து வந்து சுவரில் சாய்த்தான். ஏறத்தான் கால் வரவில்லை.