விட்டுப்போன சைபர்

“இதுக்கு வேற காப்பி எங்கேயாவது இருக்காக்கா?”

லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலேயே தம்பி கேட்டான்.

அக்கா இல்லை என்று தலையாட்டினாள். வேலை தெரிந்தவன் கேட்கிற கேள்வி என்று அவளுக்குள் ஒரு நிம்மதி.

பழைய போன் செத்துப்போய் மாதக்கணக்காகிறது. அது சாவதற்குள் அத்தான் மூச்சைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் இந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றிவிட்டார். நாலாயிரத்து இருநூற்றுப் பதினாறு படங்கள். நர்ஸ் கையில் வீறிட்ட முதல் நாளிலிருந்து ஆறு வயதுவரை.

ஏழு வரவில்லை. போன வருடம், இதே குடியிருப்பின் நீச்சல் குளத்தில் குழந்தை போய்விட்டாள்.

டிஸ்க்கை மகளின் காலுறை ஒன்றுக்குள் போட்டு வைத்திருந்தாள் அக்கா. இரண்டு கையாலும் ஏந்தித்தான் அவனிடம் கொடுத்திருந்தாள்.

சுவரில் கதவளவுக்குப் புது டிவி. நாளையோடு ஒரு வருடம். நாளை முழுக்க மகள் அதில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. படங்களோ ஒவ்வொன்றும் மலைக் கனம். மூன்று ஓடுவதற்குள் டிவி முக்கி முனகி நின்றுவிடுகிறது.

“கொஞ்சம் சின்னதாக்கிக் குடுடா. அவ முகம் தெளிவா இருந்தாப் போதும்.”

அவனுக்கு அது தண்ணீர் பட்ட பாடு. ஒரு பத்திரிகையின் இணையப் பிரிவில் தினமும் ஆயிரக்கணக்கில் படம் சுருக்குகிறவன். படத்தைத் திறக்கவே வேண்டாம். கறுப்புத் திரையில் ஒரு வரிக் கட்டளை, ஒரு தட்டு. அத்தனையும் வரிசையில் நின்று சுருங்கிக்கொள்ளும்.

இன்றைக்கு என்னவோ ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி நாளுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. முகம் வெளுத்ததைப் பார்த்து அக்காதான் தோளைத் தட்டி, போதும், பார்க்காதே என்றாள். அதற்குப் பிறகுதான் காப்பியைப் பற்றிக் கேட்டான்.

தேநீர் ஆடை கட்டிக் கிடந்தது.

கட்டளையைக் கன்வர்ட் என்று தொடங்கினால் மூலப் படம் அப்படியே இருக்கும். சுருங்கியது தனியாகப் பிறக்கும். மோக்ரிஃபை என்று தொடங்கினால் மூலத்தின் மேலேயே எழுதிவிடும். போனது போனதுதான்.

அவன் இரண்டாவதை அடித்தான். அகலம் 1920 என்று இருக்க வேண்டிய இடத்தில் 192.

என்டர்.

திரையில் படங்களின் பெயர்கள் சரசரவென்று மேலேறின. அக்கா குனிந்து பார்த்துச் சிரித்தாள். வெகு நாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

“ஓடுற ஓட்டத்தைப் பாரேன், அவளை மாதிரியே.”

ஆறு நிமிடத்தில் முடிந்தது.

டிவியில் முதல் படம் வந்தது. முகம் கட்டம் கட்டமாக உடைந்திருந்தது. பொக்கைவாய்ச் சிரிப்பு இருந்த இடத்தில் நாலைந்து சதுரம். டிவியில்தான் கோளாறு என்று அக்கா ரிமோட்டை அழுத்திக்கொண்டே போனாள். அடுத்தது. அதற்கு அடுத்தது. முதல் நடை, முதல் சீருடை, விழுந்த பல்லை உள்ளங்கையில் வைத்துக் காட்டியது. எல்லாம் சதுரம்.

அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான். ஒரு சைபர் விட்டுப்போச்சு என்றான். திரும்ப எடுக்க முடியாது என்பதையும் அவனே சொன்னான்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, அத்தான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்கா தரையில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுது முடித்து எழுந்தவள், நேரே வந்து தம்பியின் தலையை வயிற்றோடு சேர்த்து அணைத்தாள்.

“நீ வேணும்னா செய்வே? அழாதடா. அன்னைக்கும் எல்லாரும் உன்னைத்தான் போட்டுக் குடைஞ்சாங்க.”

அவன் தேம்பினான். நடிப்பில்லை, உண்மையிலேயே அழுகை வந்தது.

கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றேன், கண் இமைக்கிற நேரம் என்றுதான் அன்றைக்குப் போலீஸிடம் சொன்னான். அக்காவிடமும் அதையேதான் சொன்னான்.

கடைசி நாளில் படங்கள் பதினொன்று. கடைசியானது, பால்கனித் தொட்டியில் முதல்முதலாகப் பூத்த பூ, படம் நிறைய. அக்கா மாடியிலிருந்து எடுத்தது. பூவுக்குப் பின்னால், நாலு மாடிக்குக் கீழே, நகமளவு நீலம். போனின் குட்டித் திரையில் அது யார் கண்ணிலும் பட்டதில்லை. அந்த டிவி அளவுக்குப் பெரிதாக்கினால் நீருக்கு மேலே ஒரு சின்னக் கை. குளத்தின் கேட்டுக்கு வெளியே, முதுகைக் காட்டிக்கொண்டு, காதில் போனோடு அவன்.

அந்தப் பதினொன்றும் அக்காவுக்கு மனப்பாடம். ஒன்றை மட்டும் அழித்தால் எங்கே என்று கேட்பாள். நாலாயிரத்தையும் சுருக்கினால் அழுவாள், அவ்வளவுதான்.

டிவியில் படங்கள் தானாக மாறிக்கொண்டிருந்தன. அக்கா புடவைத் தலைப்பால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டு, திரையைக் காட்டினாள்.

“இந்தப் பூவாச்சும் நல்லாத் தெரியுது பாருடா.”