பயில்வான் சங்கத்துப் பென்ஷன்

பெருமாள் சத்தியமாக, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. வருஷம் எழுபத்திரண்டு. ஸ்ரீபெரும்புதூர் தேரடியில் காலை வெயில். மாட்டோடு வண்டியைத் தூக்கி, மாடு அசைபோடுவது நிற்காமல் இறக்கி வைத்த குஸ்திப் பயில்வான் கோதண்டம், மடங்காத முழங்காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். அந்த முழங்காலைக் கோதாவில் ஒடித்த பலராமன் பக்கத்தில் குந்தி, மாதப் பென்ஷன் கவரை நீட்டுகிறான். “இன்னாடா, பிச்சையா?” “அய்ய, பயில்வான் சங்கத்துப் பணம்ணே. ரேகை வையி.” “சங்கத்துல எத்தினி பேரு கீறாங்க?” “பத்தாயிரம் பேரு.” கோதண்டம் நெஞ்சை நிமிர்த்தி, மை தடவிய கட்டைவிரலை அழுத்திப் பதிக்கிறார். பலராமன் அந்தக் காலை மடியில் எடுத்து வைத்து எண்ணெய் தேய்க்கிறான். முட்டியில் வெயில் மின்னுகிறது.

சங்கத்தில் பலராமனைத் தவிர வேறு உறுப்பினர் கிடையாது.