கர்னல் கேட்ட புத்தகம்

“கோட்டுக்குள்ள என்ன?”

பிரெஸ்காட் சார் வழிமறித்தார். எங்கள் டாட்டன்ஹாம் கடைத்தெருவில் இருக்கும் ஒரே புத்தகக் கடைக்கு அவர்தான் மேனேஜர்.

“புத்தகம், சார்.”

“திருடுறியா?”

“ஐயையோ! அலமாரி விட்டு அலமாரி குடிமாத்துறேன்.”

உண்மைதான். உள்ளே இருந்தது என் அக்கா செர்வா எழுதிய நாவல். சனிக்கோளின் வளையத்தில் கப்பல்களை மறித்துச் சுங்கம் வசூலிக்கும் ஒருத்தியின் கதை. முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பூமி என்ற பேச்சே கிடையாது.

ஆனால் கடையில் அது உட்கார்ந்திருந்தது ‘கறுப்பின வாழ்வு’ அலமாரியில். இந்தப் பக்கம் அடிமை வியாபார வரலாறு. அந்தப் பக்கம் சுருள்முடிப் பராமரிப்பு.

“கம்ப்யூட்டர் சொல்ற அலமாரிலதான் வைக்க முடியும்.” புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டார்.

“அப்ப அதோ அந்தத் தடிப் புத்தகம்? ஆப்பிரிக்க ராஜா, பறக்கிற சிங்கம். எழுதினவர் நார்விச் வெள்ளைக்காரர். அது மட்டும் எப்படி சார் மாயக்கதை அலமாரில, கண்ணுக்கு நேரா?”

“கம்ப்யூட்டர்.”

“கம்ப்யூட்டர் புத்தகத்தைப் படிக்குதா, பின்னட்டைல எழுதினவர் போட்டோவைப் பாக்குதா?”

வாசலைக் காட்டினார்.

வீட்டில் அவரை அப்படியே நடித்துக் காட்டினேன். நடை, கனைப்பு, ‘கம்ப்யூட்டர்’ எல்லாம். ஜொல்லோஃப் தக்காளிச் சோறு கிண்டிக்கொண்டிருந்த அம்மா கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை.

“அவரும் நம்மள மாதிரி கறுப்பு, நம்ம ஆளுதானேடி, அச்சியா. பார்படோஸ்காரர். வேற யாராவது செஞ்சா இவ்வளவு வலிக்காது.”

மாதக் கடைசியில் விற்காத பிரதிகள் பதிப்பகத்துக்குத் திரும்பிப் போய்விடும். போனால் இரண்டாம் பாகம் கிடையாது. பதிப்பாசிரியை தேன் குரலில் ஏற்கெனவே சொல்லிவிட்டார். “செர்வா டார்லிங், சனியெல்லாம் எதுக்கு? உங்க அம்மா பட்ட கஷ்டத்தை எழுதலாமே?”

அக்கா விடவில்லை. “எங்கம்மா கஷ்டப்பட்டதே நான் சனி வரைக்கும் போறதுக்குத்தான்.”

சரி, குடிமாற்றம் எடுபடவில்லை. போனை எடுத்து, கடைக்கு வேறு வேறு குரலில் பேசினேன்.

முதலில் ஓய்வுபெற்ற கர்னல். “ஹூம்! இந்தாப்பா! அறிவியல் கதை அலமாரியைத் தலைகீழாப் புரட்டிட்டேன். அந்தச் சனிக்கோள் நாவல் எங்கே?”

“‘கறுப்பின வாழ்வு’ல இருக்கு, சார்.”

“சனில என்னய்யா கறுப்பு, வெள்ளை? அங்கே மூச்சு விடவே காத்து கிடையாது!”

“குறிச்சுக்கிட்டேன், சார்.”

மறுநாள் லிவர்பூல் லாரி டிரைவர். “அண்ணே, நம்மளுது நெடுந்தூர ஓட்டம். வண்டியை ஓரங்கட்டினா ராக்கெட் கதை படிச்சாத்தான் தூக்கம் வரும். அது ராக்கெட் கதைங்களோட இல்லாம ஷாம்பூ புத்தகத்துக்குப் பக்கத்துல என்னண்ணே பண்ணுது?”

“குறிச்சுக்கிட்டேன்.”

அடுத்தது ஒரு பாதிரியார். “மகனே, ஆண்டவர் விண்ணையும் மண்ணையும் படைத்தார். அலமாரியைப் படைத்தது யார்?”

“குறிச்சுக்கிட்டேன், ஃபாதர்.”

சனிக்கிழமை எனக்குத் திமிர் ஏறிவிட்டது. கடைக்குள்ளேயே, பயண நூல்களுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு, மறுபடி கர்னலானேன்.

“இன்னுமா நகர்த்தலை? நீ மட்டும் என் படையில இருந்திருந்தா உன்னை…”

“என்ன செஞ்சிருப்பீங்க, கர்னல்?”

குரல் போனிலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

“கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க, கர்னல்.”

அக்காவுக்கு ஆள் போனது. அவள் வந்ததும் எங்கள் இருவரையும் தன் அறையில் உட்காரவைத்தார் பிரெஸ்காட் சார். முகத்தில் சிரிப்பின் சாயலே இல்லை.

அக்கா முந்திக்கொண்டாள். “பொய்க்குரல்ல பேசினது தப்பு. அதுக்கு மன்னிச்சிடுங்க. ஆனா அவ கேட்ட கேள்வி தப்பில்ல. அதுக்கு நான் மன்னிப்புக் கேக்க மாட்டேன். புத்தகத்தைத் திருப்பி அனுப்பணுமா? அனுப்பிக்குங்க. அடுத்ததையும் சனிலதான் எழுதுவேன்.”

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

“கர்னல், லாரி டிரைவர், பாதிரியார். மூணு பேரும் ஒரே நம்பர்லேர்ந்து பேசினாங்க. ரெண்டாவது ஆளு பேசும்போதே எனக்குத் தெரியும்.”

நம்பரை மறைக்காமல் விட்டிருக்கிறேன்!

“தெரிஞ்சும் ஏன் சார் குறிச்சுக்கிட்டீங்க?” என்றாள் அக்கா.

“அலமாரி தலைமை அலுவலகத்தோட சொத்தும்மா. அந்த ‘வாழ்வு’ அலமாரியை எடுங்கன்னு என் சொந்தப் பேர்ல வருஷக்கணக்கா கேட்டேன். ‘உணர்ச்சிவசப்படாதீங்க, பிரெஸ்காட்’னாங்க.” அந்த ஒரு வரியை மூக்கால் பேசிக் காட்டினார். சும்மா சொல்லக்கூடாது, என்னைவிட நன்றாகவே வந்தது. “ஆனா கடை முகப்பு ஜன்னல் என் கையில. நாலு வாடிக்கையாளருங்க தேடி வந்து கேக்கறாங்கன்னு ஆள் காட்டிட்டா, அந்தக் கண்ணாடிக்குப் பின்னால எந்தப் புத்தகத்தையும் நான் கோபுரமா அடுக்கலாம். எவனும் கேக்க முடியாது. அதான் மூணு பேர் கேட்டதையும் தனித்தனியா எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கேன்.”

அக்கா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு அவள் பக்கம் சாய்ந்தார்.

“இன்னும் ஒரே ஒரு ஆள்தான் குறையுது. ஏம்மா செர்வா, உனக்குச் சீமாட்டி குரல் வருமா?”