கட்டைவிரல் துணை

"இன்னிக்கு விரலை வச்சிட்டா, நாளையிலேர்ந்து நீங்க யாரோ, நான் யாரோ. என்ன நர்ஸம்மா?" என்று சொல்லிச் சிரித்தார் மெக்கானிக். சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது.

"சும்மா இருங்க மெக்கானிக். முதல்ல நம்ம நம்பரைக் கூப்பிடட்டும்."

அந்த அலுவலகத்தின் மர பெஞ்சில் இருவரும் ஒன்பது வருடமாக உட்கார்ந்து எழுந்தவர்கள். எந்தக் கால் ஆடும், எந்த ஓரத்தில் ஆணி துருத்திக்கொண்டிருக்கும் என்பதெல்லாம் மனப்பாடம்.

மெக்கானிக் லிஃப்ட் கம்பெனியில் ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். நர்ஸம்மா பெரிய ஆஸ்பத்திரியில் முப்பத்தைந்து வருடம் ஊசி போட்டவர். கணவர் போன பிறகு தனிக்கட்டை. அடையாள அட்டைக்குக் கைரேகை பதியும் முகாமில்தான், முன்பின் தெரியாத இருவரும் வரிசையில் அடுத்தடுத்து நின்றார்கள். நடுவில் கரண்ட் போனது. திரும்ப வந்தபோது, மெக்கானிக்கின் ரேகையை நர்ஸம்மா பெயரிலும், நர்ஸம்மாவின் ரேகையை மெக்கானிக் பெயரிலும் ஏற்றிவிட்டார்கள்.

அன்று பிடித்தது சனி. மெக்கானிக்குக் கடையில் ரேஷன் வேண்டுமென்றால் நர்ஸம்மா வந்து கட்டைவிரலை வைக்க வேண்டும். நர்ஸம்மாவுக்குப் பென்ஷன் வேண்டுமென்றால் மெக்கானிக் வர வேண்டும். ஒருவர் காய்ச்சலில் படுத்தால் இன்னொருவர் வீட்டில் அடுப்பு எரியாது. திருத்தச் சொல்லி மனு மேல் மனு கொடுத்தும், "மேலிடத்துக்குப் போயிருக்கு" என்பதே பதில்.

"என் கண் ஆபரேஷன் ஞாபகம் இருக்கா?" என்றார் மெக்கானிக்.

"மறக்குமா? உங்க பேருக்கு நான் விரலை வச்சேன். அந்த ஆயா கம்ப்யூட்டர் சொன்னதை நம்பி, என் கையில பட்டையைக் கட்டி, என் கண்ணுல மருந்தையும் ஊத்திட்டாளே!"

"அப்புறம் ரெண்டு பேருக்கும் கண்ணு மங்கி, கையைப் பிடிச்சுக்கிட்டு ரோட்டைத் தாண்டினோம். ஒரு லாரிக்காரன் திட்டினான் பாருங்க..."

"காது நல்லாத்தான் கேட்டுச்சு, கேட்டிருக்க வேண்டாம்."

இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

நர்ஸம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். "பொண்ணு நேத்தும் போன் பண்ணினா. 'ரேகை சரியான மறுநாளே மூட்டையைக் கட்டிட்டு வந்துடும்மா'ங்கறா. எனக்குன்னு ஒரு ரூமையே ஒழிச்சு வச்சிருக்காளாம்."

"நல்லதுதானே. பேத்தியோட விளையாடலாம்" என்றார் மெக்கானிக். மாதம் பிறந்தால் முகச்சவரம் செய்து, சட்டைக்கு இஸ்திரி போட்டு, முக்கு டீக்கடையில் நர்ஸம்மாவுக்காகக் காத்து நிற்பார். இனி ஒன்றாம் தேதி வந்தால் என்ன, வராவிட்டால் என்ன?

நம்பரைக் கூப்பிட்டார்கள். மேஜைக்குப் பின்னால் புதிதாக வந்திருந்த கிளார்க் பெண் ரேகை எந்திரத்தை அவர்கள் பக்கம் நகர்த்தினாள்.

"உத்தரவு வந்தாச்சு. ரெண்டு பேரும் இதுல விரலை வச்சா வேலை முடிஞ்சது."

இருவர் கையும் எழவில்லை. எழுந்தது மெக்கானிக்கின் குரல்தான்.

"ஒம்பது வருஷம்! ஒரு விரலை மாத்த ஒம்பது வருஷமா? எல்லாரும் கும்பகர்ணத் தூக்கமா தூங்குறீங்க? இந்தம்மா பெத்த பொண்ணு வீட்டுல நிம்மதியா ஒரு மாசம் தங்க முடிஞ்சுதா?"

"ஆமாம்மா, நாயா அலைஞ்சுட்டோம்" என்று நர்ஸம்மாவும் சேர்ந்துகொண்டார். "இந்த வயசான மனுஷன் ஒரு பிடி அரிசி வாங்கணும்னாலும் என் வாசல்ல வந்து நிக்கணும். உங்களுக்கெல்லாம் மனசாட்சியே கிடையாதா?"

கிளார்க் பெண்ணுக்கு ரோஷம் வந்துவிட்டது. தலையணை கனத்துக்கு இருந்த ஃபைலை எடுத்து மேஜையில் போட்டாள்.

"எங்களைத் திட்டாதீங்க பெரியவரே. முதல் ரெண்டு வருஷம் எங்க தாமதம், ஒத்துக்கறேன். அப்பவே உத்தரவு தயார். ஆனா ஒவ்வொரு தடவையும் அதிகாரி கையெழுத்துப் போடப் போற நேரத்துல ஒரு மொட்டைக் கடுதாசி வந்துடும். 'இந்தத் திருத்தத்துல ஏதோ சூது இருக்கு, தீர விசாரிக்கவும்'னு."

"சரிம்மா, விடு. நடந்தது நடந்துபோச்சு" என்றார் நர்ஸம்மா அவசரமாக.

"எப்படிம்மா விடறது? மொட்டைக் கடுதாசி வந்தா ஃபைல் திரும்ப முதல் மேஜைக்குப் போய் விசாரணை ஆரம்பிக்கணும். அதுதான் இங்க விதி. எட்டு தடவை போயிருக்கு. எட்டு கடுதாசி! உங்க மேல யாருக்கு அப்படி ஒரு பகை?"

"எட்டா?" மெக்கானிக் தன்னை மறந்து கத்திவிட்டார். "நான் போட்டது மூணுதானே!"

நாக்கைக் கடித்துக்கொண்டு அவர் மெல்லத் திரும்பினார். நர்ஸம்மா குனிந்த தலை நிமிராமல், மடியில் கிடந்த கையின் ஐந்து விரல்களையும் விரித்துக் காட்டினார்.