சிவப்புத் தாள்

குழம்பை அடுப்பிலேயே விட்டுவிட்டு மாரீஸ்வரி ஓடிவருகிறாள். அச்சகத்துக் கூலிக்காகக் காலையெல்லாம் அவள் தேதிவாரியாக அடுக்கிவைத்த தினசரி காலண்டர் தாள்கள் தரையெங்கும் சிதறிக் கிடக்கின்றன. ஃபேன் காற்றில் மார்ச் மாதம் கட்டிலுக்கடியில் போய்க்கொண்டிருக்கிறது. நடுவில் மூன்று வயது ஹன்சிகா சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கிறாள். "ஏட்டி, கட்டெடுக்க லோடு ஆட்டோ வாற நேரம்! அம்புட்டையும் கலைச்சிட்டியே!" ஆத்திரமெல்லாம் அங்கன்வாடி டீச்சர் மேல்தான். வீட்டில் கிடக்கிறதை வைத்தே நிறம் சொல்லிக்கொடுங்கள் என்று அவர் சொல்லப்போய்த்தானே, நேற்று இவள் இந்தத் தாள்களைக் காட்டிச் சிவப்பு எது என்று கேட்டு, பிள்ளை சரியாகத் தொட்டதும் கைதட்டித் தொலைத்தாள்! அடிக்கக் கை ஓங்கியவள் பிள்ளையின் மடியைப் பார்க்கிறாள். ஞாயிறு, பொங்கல், தீபாவளி என்று வருஷத்தின் லீவு நாளெல்லாம் அங்கே குவிந்திருக்கின்றன. ஒரு கறுப்புத் தாள்கூடக் கலக்கவில்லை. ஓங்கிய கையைப் பார்த்துப் பிள்ளை சிரிக்கிறது. "எல்லாம் செவப்பு. கை தட்டும்மா!"