சுவரில் விழுந்த பெயர்

அலுவலகக் கம்ப்யூட்டர்களை எல்லாம் வேறு சிஸ்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். பயிற்சி நாளன்று தட்டச்சர் வசுமதியைத்தான் முதலில் உட்காரச் சொன்னார்கள். அவள் மேசை அறையின் பின்பக்கம் இருந்தது. அவள் திரை புரொஜெக்டர் வழியாக எதிர்ச்சுவரில் பெரிதாக விழுந்தது. பதினேழு வருடமாக ஒரே பாஸ்வேர்டை வைத்திருந்தவளுக்கு விசைப்பலகையைத் தொடவே தயக்கம்.

“நான் அடிக்கிறத வேற யாராவது பாக்க முடியுமாம்மா?”

“பாஸ்வேர்டுல புள்ளிகூடத் தெரியாது மேடம். பழசவிட இது பத்திரம்,” என்றாள் பயிற்சி தர வந்த பெண்.

பழைய கம்ப்யூட்டர் நேராகப் பாஸ்வேர்டைத்தான் கேட்கும். இது முதலில் பெயரைக் கேட்டது. திரையைப் பார்த்து அடிக்கும் வழக்கம் வசுமதிக்கு என்றைக்கும் இருந்ததில்லை. விரல்கள் பழைய பழக்கத்தில் தாமாக ஓடின.

“கே. நிலானியா? யாரு மேடம் அது?”

வசுமதி நிமிர்ந்தாள். சுவரில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு முழ உயரத்துக்கு நின்றது. மூன்றே நாள் உயிரோடிருந்த குழந்தையின் பெயர். எந்தச் சான்றிதழிலும் ஏறாத பெயர். அப்படி ஒருத்தி பிறந்ததையே அவள் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமே ஆகாத அவளை நோக்கி அறையில் இருந்த அத்தனை தலைகளும் திரும்பின.

முதல் வரிசையில் மேலாளர் கேசவமூர்த்தி மட்டும் திரும்பவில்லை. தன் பெயரின் முதலெழுத்தை இனிஷியலாகக் கொண்டு நிற்கும் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல் அவர் உதடுகள் அதைச் சொல்லிப் பார்த்தன.