ஒரு கிளைடரின் இரண்டு இறக்கைகள்

ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையிலேயே ஒரு கிளைடர் செய்தார். இன்ஜின் இல்லாத அந்த விமானத்தைப் போல இன்னொன்று உலகத்தில் கிடையாது. கனம் இருந்தால் வேகம் கூடும் என்று, கிளைடர் போட்டி நடந்த அன்று இரண்டு இறக்கைகளுக்குள்ளும் தண்ணீர் நிரப்பிக்கொண்டு பறந்தார்.

மதியத்துக்கு மேல் வெயில் மங்கியது. மேலே தூக்கிவிடும் சூடான காற்றும் நின்றுபோனது. கிளைடர் பனைமரங்களை நோக்கி இறங்கியது. தண்ணீரைக் கொட்டிக் கனத்தைக் குறைக்க அவர் கைப்பிடியை இழுத்தார்.

"சீக்கிரம் திறடி," என்று சொல்லிக்கொண்டே இடது இறக்கை தன் தண்ணீரைக் கொட்டியது.

வலது இறக்கை அடைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. "உனக்கு எப்பவும் பயம்தான் அக்கா. நமக்கு முன்னால ஒருத்தன்தான் போறான். நான் கொட்ட மாட்டேன்."

ஒரு பக்கம் மட்டும் கனமாக இருந்ததால், கிளைடர் வலப்பக்கம் சாய்ந்து சரிந்தது.

"உடைஞ்சா ரெண்டு பேரும்தான்டி உடைவோம்! அவரும் உள்ளே இருக்கார்!"

"நீ ஏன் கொட்டினே? நீ கொட்டினதாலதான் சாயுது!"

பனையோலை ஒன்று வலது இறக்கையின் நுனியைக் கீறியது. அலறிக்கொண்டு அது அடைப்பை விட்டது. தண்ணீர் கொட்டியது. கிளைடர் நிமிர்ந்து, மரங்களைத் தாண்டி, ஒரு கடலைக்காட்டில் போய் விழாத குறையாக இறங்கியது.

மற்ற கிளைடர்கள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தன.

"உன்னாலதான் தோத்தோம்," என்றது வலது இறக்கை.

இடது இறக்கை தங்கைக்குக் கீறல் ஆழமாகப் பட்டிருக்கிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.